சறுக்குக் கல்

கேழ்வரகுக் களியுருண்டைகளைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற குன்றுகள், பகலெல்லாம் குடித்த வெயிலை மாலையில் மெல்லக் கக்க, மாம்பூ மணமும் பாறைக்குழிகளின் வெடிமருந்து நெடியும் கலந்து வீச, தென்பெண்ணை மெலிந்து மணல் காட்டும் பங்குனித் திங்களில், காவேரிப்பட்டினத்துக்கு வடக்கே இரு தெருக்களாய்ப் பிளந்து கிடந்தது ஏரிக்கீழூர். அறிவுசால் அன்பரே, மேலத்தெருவில் நிலமுடையோர். கீழத்தெருவில் அவர்தம் வயலிலும் பாறைக்குழியிலும் முதுகொடிப்போர். நடுவே ஊர்ப்பொது மேடு.

தமிழ்நாட்டுக்கும் கன்னட நாட்டுக்கும் எல்லை வகுத்த ஆண்டில், நாடே மொழிக்காக வழக்காடிக்கொண்டிருக்க, இவ்வூரார் ஏரி மடையை முதலில் திறப்பவர் எவர் என்று தடியெடுத்தனர். எவனோ எறிந்த தீப்பந்தம் மேட்டிலிருந்த வைக்கோற்போரில் விழுந்தது. அதனுள் ஒளிந்து விளையாடிய மேலத்தெரு ருக்மணியின் மகனும், கீழத்தெருக் கல்லுடைப்பவள் மாரம்மாவின் மகளும் வெந்து மடிந்தனர். எந்தச் சாம்பல் எவருடையதென்று பிரிக்கவும் இயலவில்லை.

தாயர் இருவரும் கேட்டது ஒன்றே: அம்மேட்டில் பிள்ளைகள் விளையாட வேண்டும், அங்கே கூச்சல் ஓயக்கூடாது. நாணித் தலைகுனிந்திருந்த ஊரும் இசைந்து, மேட்டைச் சமன் செய்து, மண்ணை ஓரத்தில் குவித்து, ஊஞ்சல் கட்டி, மாரம்மா பிளந்து தந்த பலகைக்கல்லில் இரு பெயரும் பொறித்து நிறுத்தியது. அங்கேதான் பிழை நேர்ந்தது. நிமிர்ந்து நிற்கும் கல்லைக் கண்டால் கைகூப்பாமல் கடக்கத் தெரியாத மண் இது. முதல் கிழமை எவளோ மஞ்சள் பூசினாள். மறு கிழமை சேவலறுத்தனர். மூன்றாம் கிழமை ஊஞ்சற் கயிற்றை அவிழ்த்து நேர்ந்துவிட்ட ஆட்டைக் கட்டினர். பின்னர் முள்வேலியிட்டுப் பிள்ளைகளைக் கோலால் விரட்டினர். மடைக்கு அடித்துக்கொண்டவர்கள் இப்போது முதற்பொங்கல் எத்தெருவினது என்று அடித்துக்கொள்ளலாயினர். என்ன சொல்லித் தொலைப்பது?

வேலியை எடுக்கச் சொல்லி நின்ற மாரம்மாவிடம் ஊர்த்தலைவர் ராஜப்பன் பொறுமையாகவே சொன்னார்:

"சாமி நின்ன எடம்மா. பொடுசுங்க மூத்தரம் பேஞ்சா ஊருக்கு ஆகாது."

"எம்மவ சாமி ஆவலிங்க. ஏழு வயசு. அவ மூத்தரம் பேயாத எடம் இந்த ஊர்ல எதுங்க?"

மறுநாள் உச்சிவெயிலில், ஊர் உண்டு படுத்திருக்க, மாரம்மா கடப்பாரையோடு வேலியைப் பிரித்தாள். ருக்மணி வடத்தோடு வந்து நின்றாள்.

"கை பொத்துப்போவும்மா உங்களுக்கு," என்றாள் மாரம்மா.

"போனா போவட்டும். நீ நெம்பு."

கல் சாய்ந்தது. இருவரும் நெம்பியும் இழுத்தும், ஓரத்து மண்குவியலின்மேல் அதைச் சரிவாய்க் கிடத்தினர். ஓசை கேட்டு ஓடிவந்த ராஜப்பன், குண்டி தேய்த்தே பெயரை அழித்துவிடுமே பிள்ளைக்கூட்டம் என்று தலையிலடித்துக்கொண்டார்.

"தேஞ்சு அழியட்டும் மாமா," என்றாள் ருக்மணி. "மஞ்ச பூசி மறையறதுக்கு அது மேல்."

அன்று மாலையே மஞ்சள் போயிற்று. ஆண்டுகள் சில கழிந்த இன்று எழுத்தின் விளிம்புகள் மழுங்கி, கல் நீர்போல் மின்னுகிறது. முதலில் சறுக்கியது எத்தெருப் பிள்ளை என்று பெரியவர்கள் இன்னும் வழக்காடுகின்றனர். சறுக்குபவர்க்கு அதைக் கேட்க நேரமில்லை. இறங்கியவுடன் மறுபடியும் ஏற வேண்டும்.