சாப்பாட்டு மேசையில் ஒரு வானம்

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை என்று ஒன்று உண்டு. மழை தொடங்கியதிலிருந்து அதில் யாரும் சாப்பிட்டதில்லை. தட்டை மடியில் வைத்தே சாப்பிட்டுப் பழகியதில், பூனைகூடப் பாலை மடியில்தான் கேட்கிறது. மேசை முழுக்க என் நட்சத்திர விளக்கு அக்கக்காகக் கிடந்தது.

பழைய சாமான் கடைக்காரர் தள்ளுவண்டியிலிருந்து நான் மீட்ட பொம்மை அது. ஊசித் துளைகள் போட்ட பிளாஸ்டிக் உருண்டை, உள்ளே ஒரு டார்ச் பல்பு, அடியில் சுற்றிவிட ஒரு மோட்டார். இருட்டில் போட்டால் கூரை முழுக்க வானம் தெரியவேண்டும். அதற்கும் என் வயதுதான். இரண்டு பேருக்கும் மூட்டில்தான் தொல்லை.

என் மனைவி தையல்காரி. சத்தம் போடமாட்டாள், கெடு வைப்பாள். ஞாயிறு மதியம் சம்பந்தி சாப்பிட வருகிறார். அதற்குள் வானம் தெரிந்தால் பொம்மை வீட்டில் இருக்கலாம், இல்லாவிட்டால் வந்த தள்ளுவண்டியிலேயே திரும்பிப் போகும் என்றாள். கடைக்காரரையும் அன்றைக்கே வரச் சொல்லிவிட்டாள்.

சம்பந்தி கப்பலில் நட்சத்திரம் பார்த்து வழி சொன்னவர். அவர் எதையும் பாராட்டி யாரும் கேட்டதில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பார்த்தே “பரவாயில்லை” என்றார். மாப்பிள்ளை அவர் பெற்ற பிள்ளை.

மோட்டாருக்கு எண்ணெய் விட்டேன். பொம்மை கொஞ்சம் அதிகமாகவே ஓடியது. பூனை குறுக்கே படுத்திராவிட்டால் இந்நேரம் பக்கத்து ஊரைத் தாண்டியிருக்கும். பிறகு உருண்டையைப் பார்த்தேன். வெளுத்துப்போய், வெளிச்சம் எல்லாப் பக்கமும் கசிந்தது. கறுப்புப் பெயிண்ட் இரண்டு கை அடித்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. சனிக்கிழமை ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, மனைவியை உட்காரவைத்து, சுவிட்சைப் போட்டேன்.

ஒன்றுமே தெரியவில்லை.

“ஏங்க, ஓட்டையெல்லாம் எங்க?” என்றாள்.

அவ்வளவு நட்சத்திரத்தையும் நானே பூசி மெழுகியிருந்தேன். அந்த வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவள் திட்டவில்லை. உருண்டையை இரண்டாகப் பிரித்து உள்பக்கம் தடவிப் பார்த்தாள். அங்கே பெயிண்ட் ஏறவில்லை; துளைகள் குழிகுழியாக அப்படியே இருந்தன. இருப்பதிலேயே மெல்லிய ஊசியை எடுத்து, உள்ளிருந்து ஒவ்வொன்றாகக் குத்த ஆரம்பித்தாள். என் கை நடுங்கும், அவள் கை நடுங்காது. நான் பல்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவளுக்குத் தும்மல் வந்து, குழியே இல்லாத இடத்தில் ஒரு குத்து விழுந்துவிட்டது.

“அடைச்சிடவா?” என்று கேட்டேன்.

“பெயிண்ட் டப்பாவைத் தொட்டீங்க, அப்புறம் இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். வாசலில் தள்ளுவண்டியும் வந்து நின்றது. நட்டநடு மதியத்தில் ஜன்னல்களைப் போர்வையால் மூடிவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

கூரை காணாமல் போய்விட்டது. நட்சத்திரங்கள் மின்விசிறியைத் தாண்டி, அலமாரி மேல் ஏறி, சம்பந்தியின் வழுக்கையில் இறங்கி மெதுவாக நகர்ந்தன. எதிர்வீட்டுச் சேவல் குழம்பிப்போய்த் தூங்கிவிட்டது. சம்பந்தி அண்ணாந்து பார்த்துக் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை நாலு நிமிஷம் பின்னால் திருப்பி வைத்தார். பிறகு தெற்கு மூலையில் தெரிந்த ஒரு நட்சத்திரத்தைக் காட்டினார்.

“இது எங்கிருந்து வந்துச்சு?”

நான் பூனையைப் பார்த்தேன். மனைவிதான் நேராகச் சொன்னாள். “அது நான் போட்டது, அண்ணா. தும்மிட்டேன்.”

அவர் எழுந்து அந்த மூலைக்கடியில் போய் நின்றார். “கப்பல்ல இருந்தவரைக்கும் அந்த இடத்தைப் பார்த்து ஒரு குறை தோணும் எனக்கு. என்னன்னு தெரியாம இருந்துச்சு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “ரொம்ப நல்லா இருக்கு தங்கச்சி.”

பூனை உள்பட எல்லோரும் கேட்டோம்.

பொம்மையைக் கேட்டு உள்ளே வந்த கடைக்காரர் வாயைத் திறந்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்ததும் வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் முள் இல்லாத சுவர்க்கடிகாரம் ஒன்று இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, என்னைக் கண்டுகொள்ளாமல் மனைவியிடம் கேட்டார்: “அக்கா, இதையும் கொஞ்சம் பாக்கறீங்களா?”

இன்றைக்கும் நாங்கள் மடியில்தான் சாப்பிடுகிறோம். மேசையில் இப்போது எனக்கு இடமில்லை.