நாலு கட்டையில் ஒரு சாக்ஸஃபோன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆபீஸிலும் தெரியும், வீட்டிலும் தெரியும். ஆனால் அந்தச் சனிக்கிழமை, பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகளைப் பாட்டு வாசிக்கப் பழக்கும் சுந்தரராமன் அங்கிள் ஃபோனில் சொன்னதைக் கேட்டு வந்த கோபம் வேறு.

"எழிலரசி, தப்பா நினைச்சுக்காதம்மா. வெண்பாவுக்கு ஜால்ரா குடுத்திடலாம்னு இருக்கோம். சாக்ஸ் செட் ஆகலை."

பொங்கல் விழாவுக்கு இன்னும் எட்டு நாள். இரண்டு வயலின், ஒரு கீபோர்டு, என் மகள் வெண்பாவின் ஆல்டோ சாக்ஸஃபோன். பாட்டை நோட்டேஷன் சாஃப்ட்வேரில் ஏற்றி, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தாள் பிரித்து, அங்கிளுக்கு ஃபைலை அனுப்பியவள் நான். பக்கத்து ஊரான பிரிட்ஜ்வாட்டரில் அவர் வீட்டு பேஸ்மென்ட்டில்தான் ஒத்திகை. நான் வெண்பாவை வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன்.

இரண்டு வாரமாகவே புகார். வெண்பா மட்டும் அபஸ்வரமாம். வீட்டில் தனியாக வாசித்தால் ஒரு பிசிறு இல்லை. அங்கே போனால் மட்டும் சேரவில்லை என்றால் என்ன அர்த்தம்? பன்னிரண்டு வயசுத் திமிர், வேண்டுமென்றே கெடுக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

"அம்மா, ஐ திங்க் த நோட்ஸ் ஆர் ராங்" என்றாள் ஒரு நாள்.

"நான் போட்ட நோட்ஸ்ல தப்பா? ஒழுங்கா கவனிச்சு வாசிக்கிற வழியைப் பாரு!" என்று காரிலேயே கத்தினேன். அவள் டேப்லெட்டையும் பிடுங்கி வைத்தேன்.

ஆனாலும் ஜால்ரா என்றதும் பொறுக்கவில்லை. அவளையும் சாக்ஸையும் லேப்டாப்பையும் காரில் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் மான்மவுத் ஜங்ஷனிலிருந்து கிளம்பினேன். பேஸ்மென்ட்டில் வெண்பா பையிலிருந்து தாளை எடுத்து ஸ்டாண்டில் வைத்தபோதுதான் பார்த்தேன். வரியின் தொடக்கத்தில் சுருதியைக் காட்ட நான் போட்டிருந்த இரண்டு ஷார்ப் குறிகளைக் காணோம். வயலின் தாளில் உள்ளதுபோல ஒரு ஃபிளாட் குறி இருந்தது.

"இதை யார் மாத்தினது?"

"நான்தான்மா சரி பண்ணேன்." அங்கிளுக்குப் பெருமை வேறு. "எல்லாரும் நாலு கட்டையில வாசிக்கிறாங்க, இவளுக்கு மட்டும் ரெண்டு கட்டை போட்டிருந்தே. கான்சர்ட் பிட்ச்னு ஒரு பட்டன் இருந்தது. கிளிக் பண்ணேன், எல்லாம் ஒரே சுருதிக்கு வந்துடுச்சு. பிரின்ட் எடுத்துக் குடுத்துட்டேன்."

"அங்கிள், ஆல்டோ சாக்ஸுக்கு ரெண்டு கட்டைன்னு எழுதினாதான் வெளியே நாலு கட்டை கேட்கும். அந்தக் கருவியே அப்படி. நாலுன்னு எழுதினதை அப்படியே வாசிச்சா வேற சுருதிதான் வரும். தனியா வாசிச்சா தெரியாது, சேர்ந்து வாசிச்சா நாராசம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"முப்பது வருஷமா பாடறேன். சுருதி எனக்குத் தெரியாதா?"

"பாட்டுக்குத் தெரியும் அங்கிள். சாக்ஸுக்குத் தெரியலையே!"

அவர் மாற்றிய ஃபைலை என் லேப்டாப்பில் வாங்கித் திறந்து அந்த பட்டனை அணைத்தேன். இரண்டு ஷார்ப்பும் திரும்பி வந்தன. அவர் பிரின்டரிலேயே தாள் எடுத்து ஸ்டாண்டில் வைத்தேன். முதல் வரியிலேயே நான்கு கருவிகளும் சேர்ந்துகொண்டன.

"பார்த்தியா, கவனமா வாசிச்சா வருது" என்றார் அங்கிள், வெண்பாவிடம். என் வாயைக் கட்டுப்படுத்தப் பெரும்பாடு பட்டேன்.

அடக்கியதையெல்லாம் திரும்பும் வழியில் கொட்டித் தீர்த்தேன்.

"என்ன மனுஷன்! சின்னப் பொண்ணு மேல பழி போடறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பரை ஒரு தடவை எடுத்துப் பார்க்கணும்னு தோணலை பாரு! ஒரு நிமிஷம் ஆகுமா?"

என்ன கேட்டாலும் இங்கிலீஷிலேயே பதில் சொல்பவள், ஜன்னல் பக்கம் திரும்பியபடி தமிழில் சொன்னாள்.

"நீயும்தான் பாக்கலை."

இரண்டு வாரமாக அந்தத் தாள் எங்கள் வீட்டு ஹாலில், நான் தினமும் கடந்து போகிற இடத்தில்தான் இருந்தது.