முகவுரையும் பதினோராம் விதியும்

அப்பாவைக் கட்டிலில் கிடத்தியிருக்க, மகள் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். தேடியது குடியிருப்பின் விதிப்புத்தகத்தை. துக்க வீட்டில் இதென்ன தேடல் என்று எதிர்வீட்டம்மா கழுத்தை நீட்டிப் பார்த்ததில் தப்பில்லை.

காரணம் கீழே வாசலில் இருந்தது. அப்பாவின் அக்கா சக்கர நாற்காலியில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு வந்திருந்தாள். லிஃப்ட் பத்து நாளாகப் படுத்துக்கிடந்தது. மூன்று மாடி அவளைத் தூக்கிக்கொண்டு ஏறக் கூடாதென்று டாக்டர் சொன்னாராம். தம்பி முகத்தை அவள் பார்க்க வேண்டுமென்றால், அவரைக் கீழே பொதுக்கூடத்தில் கிடத்தியாக வேண்டும்.

பதினோராம் விதி சொன்னது இவ்வளவுதான்: 'கூடம், கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும்.'

"சாவுக்குன்னு அதுல இல்லியேம்மா," என்றார் குடியிருப்புச் செயலாளர், வருத்தப்படுகிற முகத்தோடு.

விதிகளை எழுதியதே அப்பாதான். சட்டக் கல்லூரியில் முப்பது வருஷம் அரசியலமைப்புப் பாடம் நடத்திய பேராசிரியர். பதினெட்டு வீட்டுக்கு ஒரு முகவுரை எழுதி, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியும் வைத்தார். குழாய் ஒழுகுகிற கட்டடத்துக்கு முகவுரை ஒரு கேடா என்று அன்று சிரிக்காத வாய் இல்லை.

பாடம் மகளுக்கு மனப்பாடம். பிரிவு தெளிவாக இருந்தால் முகவுரை அதை மாற்றாது. பிரிவு வாய் திறக்காவிட்டால், எதற்காக எழுதினோம் என்று முகவுரையைக் கேட்க வேண்டும். புத்தகம் கிடைத்ததும் செயலாளருக்கு வாசித்துக் காட்டினாள்: "இன்பத்திலும் துன்பத்திலும் ஒருவருக்கொருவர் துணையாக வாழ, இங்கு குடியிருக்கும் நாம்..."

"அன்னைக்கு நானும் இதையேதாம்மா படிச்சேன்."

வாசற்படியில் நின்று சொன்னவர் இரண்டாம் மாடித் தையல்காரர். கூடத்துச் சாவி இந்த வருஷம் அவர் பொறுப்பு.

மகளுக்குக் காது சூடேறியது. நாலு வருஷத்துக்கு முன் அவர் மனைவி இறந்தபோது செயலாளராக இருந்தது அப்பா. தையல் மிஷினும் கட்டிலும் அடைத்த ஒற்றை அறையில் வந்தவர்கள் நிற்க இடமில்லை என்று அவர் கூடத்தைக் கேட்டார். முகவுரை விதியாகாது என்று அப்பா கையை விரித்துவிட்டார். இரண்டாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில்தான் அந்த அம்மாளைக் கிடத்தினார்கள். அன்று மாலை கூடத்தில் யாருடைய பிறந்தநாள் விருந்து என்பது ஊருக்கே தெரியும். மகளுடையது. அதற்குப் பிறகு பேராசிரியர் தன் சட்டைகளை இரண்டு தெரு தள்ளித் தைக்கக் கொடுத்தார்.

அவள் புத்தகத்தை மூடினாள். வாசிக்க மேலே எதுவும் இல்லாதது போலிருந்தது.

தையல்காரர் செயலாளர் பக்கம் திரும்பினார். "நான் படிச்சது அன்னைக்குச் சரின்னா, இன்னைக்கும் சரிதான் சார்." சட்டைப் பையைத் தடவிச் சாவியை எடுத்தார். "ஃபேன் போடணும். நான் முன்னால போறேன்."

செயலாளர் ஒதுங்கி வழி விட்டார்.

நாலு பேர் அப்பாவைத் தூக்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பம் வந்ததும் மகள், "இங்க கொஞ்சம் இறக்குங்க," என்றாள்.

"கனமில்லம்மா, தாங்குவோம்," என்றான் முன்னால் பிடித்திருந்தவன்.

"இறக்குங்க."

இறக்கினார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, கூடவே இறங்கி வந்த எதிர்வீட்டம்மா உட்பட. கீழே கூடத்துப் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. அதன் பிறகும் அவள் தூக்கச் சொல்லவில்லை.