புத்தாண்டு ஆட்டத்தின் இடைவேளை

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். மைக்ரோவேவில் பால் சூடாக்கி இன்ஸ்டன்ட் காபி கலக்கிக் குடித்தேன். குளித்தேன். சட்டையை இஸ்திரி போட்டு முடித்த பிறகுதான் அன்று ஆபீஸ் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. தேங்ஸ்கிவிங்குக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. அதே சட்டையை மாட்டிக்கொண்டு, பத்து மணி ஆட்டத்துக்கு நஞ்சுண்டன் வீட்டுக்குக் கிளம்பினேன்.

ஆலன் நகரில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி அவர் வீடு. என் மனைவி கோகிலவாணி எம்.எஸ். படித்த பல்கலைக்கழகத்தில் அவர் சீனியர். அந்தப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணி என்றால் இரண்டு பேருக்கும் உயிர். நான் கோவையில் படித்துவிட்டு நேராக வேலைக்கு வந்தவன். ஆட்டம் புரியவில்லை என்று முதல் வருடம் சொன்னபோது வாணி விளக்கினாள். மறுபடி கேட்டபோது நஞ்சுண்டன் விளக்கினார், வாணி சிரித்தாள். அதன் பிறகு நான் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அவள் தொண்டை கட்டும்வரை கத்துவாள். நான் வீட்டில் துணி துவைத்து மடித்து வைப்பேன். அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவாள். முறையாகப் பொறாமைப்படக்கூட எனக்கு வழியில்லை.

இந்த வருட ஜனவரி இரண்டாம் தேதி விடிகாலையில் அவள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்திருந்தது. நுரையீரலில் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள்.

தீபாவளிக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. தேங்ஸ்கிவிங்குக்கு நஞ்சுண்டன் போன் செய்தார். பின்னால் அவர் மனைவி ஷ்யாமளாவின் குரல் கேட்டது.

“வருஷம் திரும்பலைங்க. பண்டிகைக்கு எப்படிக் கூப்பிடறது?”

“இது என்ன நம்ம பண்டிகையா? வான்கோழிக்கு என்ன நாள் நட்சத்திரம்?”

“எதுக்கும் வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க. அன்னைக்கு வெறும் மேட்ச்தானே.”

அப்படித்தான் வெள்ளிக்கிழமை போனேன். ஷ்யாமளா எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்திருந்தார். இனிப்பு எதுவும் இல்லை. கஸ்தூரிரங்கன் முன்பே வந்து தரையில் சாய்ந்திருந்தான். அவனும் அதே பல்கலைக்கழகம்தான், வாணிக்கு ஜூனியர். கல்யாணம் ஆகாதவன்.

“டிவிக்காரனுக்காக வெள்ளிக்கிழமை காலையில மேட்ச் வெக்கறானே, இது நியாயமா? நேத்து ராத்திரி டர்க்கி தின்னவன் இன்னைக்கு எப்படி ஓடுவான்?”

“நீ நேத்து தின்னது தயிர் சாதம். உனக்கென்ன கவலை?” என்றார் நஞ்சுண்டன்.

“இல்லண்ணா, இன்னைக்கு ஜெயிச்சா போன தடவை மாதிரி நியூ இயர் கேம் கிடைக்கும். தோத்தா கிறிஸ்துமஸ் வாரத்துல ஏதாவது காலி ஸ்டேடியத்துல ஆட விடுவான். அந்த வாரம் பூரா எனக்கு ஒய்-டூ-கே டெஸ்டிங். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், மாமாவுக்கு உடம்பு சரியில்லைன்னு.”

“எந்த மாமா?”

“டீம் ஜெயிச்சா பிழைச்சுக்குவார்.”

ஷ்யாமளா சிரித்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

எங்கள் அணியில் ஹாலிஸ் என்று ஒருவன். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்புவது மட்டும்தான் அவன் வேலை. இந்த சீசனில் அது கம்பங்களுக்கு நடுவே போவது அபூர்வமாகிவிட்டது. இரண்டாவது கால்பகுதியில் அவன் உதைத்தது வலது பக்கம் விலகிப் போனது.

கஸ்தூரிரங்கன் தலையில் அடித்துக்கொண்டான். “இவனை பெஞ்ச்ல உட்கார வெக்கணும்ணா. என் அபார்ட்மென்ட் மேனேஜர் செருப்போட உதைச்சாகூட உள்ளே போகும்.”

“டேய், அவனைத் தொடாதே. அவன் வாணியோட ஆளு.”

நஞ்சுண்டனே தொடர்ந்தார். “அன்னைக்கு இவனை நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன்ல என்னை என்ன திட்டு திட்டினா! ஹாஃப் டைம்ல.”

“எந்த அன்னைக்கு?” என்றேன்.

“ஏங்க” என்றார் ஷ்யாமளா அவரிடம்.

நஞ்சுண்டன் என்னைப் பார்க்கவில்லை. “ஜனவரி ஒண்ணு. நியூ இயர் கேம் அப்ப. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன், மாறன்.”

தெரியாது. அன்று மதியம் நான் கீழே கேன்டீனுக்குப் போய் ஒரு சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு மேலே வந்தேன். கதவைத் திறந்தபோது வாணி சிரித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஆபரேஷனுக்குப் பிறகு இல்லாத ஒரு நிறம் வந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கிட்டத்தட்ட பதினோரு மாதங்களாக அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஃப்ரீவேயில் வண்டிகள் நின்றுவிட்டால் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வேன். வேறு எதையும் எடுத்துப் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு இவருடையது. இவரோடு பேசி முடித்துப் போனை வைத்துவிட்டு, மிச்சத்தை என் பக்கம் திருப்பியிருக்கிறாள்.

“என்ன சொன்னா?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு?”

“சொல்லுங்க.”

“ரெண்டு உதையைக் கோட்டை விட்டுட்டான் அன்னைக்கு. இவனை மாத்தணும்னு நான் சொன்னேன். அதுக்கு அவ, ‘அண்ணா, அவனுக்குப் பத்தொன்பது வயசு. அத்தனை பேர் முன்னாடி தப்பு பண்ணினவனை அதே இடத்துல மறுபடி நிக்க வெக்கணும். அடுத்த வருஷம் பாருங்க, நம்மளை ஜெயிக்க வெக்கப் போறவன் இவன்தான்’னா.” கண்ணாடியைக் கழற்றினார். “அடுத்த வருஷம்னா, மாறன். அடுத்த வருஷம்னு சொன்னா.”

நஞ்சுண்டன் அழுதார். சத்தமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நான் இன்னும் அழவில்லை, தகனத்தன்றுகூட. அதையும் என் வீட்டிலிருந்து இவர் எடுத்துக்கொண்டு போய்விட்டது போல இருந்தது.

கஸ்தூரிரங்கன் டிவி சத்தத்தைக் குறைத்தான். திரையில் ஹாலிஸ் மறுபடி வந்து நின்றான். நான் மட்டும்தான் பார்த்தேன். பந்து இடது கம்பத்துக்கு வெளியே போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஷ்யாமளா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “இவர்கிட்ட பேசினது மேட்ச் பேச்சு, அவ்வளவுதான் மாறன். கடைசியாப் பக்கத்துல இருந்தது நீங்கதானே. உங்ககிட்ட எவ்வளவோ சொல்லியிருப்பா.”

நஞ்சுண்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருக்கு அது வேண்டும் என்று தெரிந்தது. என்னிடம் இருப்பது, அவரிடம் இல்லாதது.

“கையைப் பிடிச்சுக்கிட்டா” என்றேன். “‘உங்களோட இருந்ததே எனக்குப் போதும்’னு சொன்னா.”

ஷ்யாமளா வாயைப் பொத்திக்கொண்டார். கஸ்தூரிரங்கன் தரையைப் பார்த்தான். நஞ்சுண்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று முறை தலையாட்டினார். “அப்படியா” என்றார். பிறகு வாணியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆட்டம் முடியும்வரை அவர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. யார் ஜெயித்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

கதவுவரை வந்து வழியனுப்பினார். என் தோளில் கை வைத்தார். “கொடுத்து வெச்சவர் நீங்க” என்றார்.

காரில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் போடவில்லை.

அந்த ஜனவரி ஒன்றாம் தேதி இரவு நர்ஸ் மாத்திரை கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள், காலையில் வாருங்கள் என்றாள். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டேன். வாணியின் கை போர்வைக்குள் இருந்தது. நான் அதைத் தேடவில்லை. விளக்கைக் குறைத்துவிட்டு, வரேன் என்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

“கீழே பார்க்கிங் டிக்கெட்டுக்கு சீல் வாங்கிட்டீங்களா? இல்லைன்னா காசு கேட்பான்.”