குறிப்பு நேரம்

ஒத்திகை முடிந்ததும் எல்லோரும் மேடையிலேயே வட்டமாக உட்காருவார்கள். நிர்வாகி நோட்டைப் பார்த்து அன்றைய குறைகளை வாசிப்பாள். கேட்பவர் "சரி" என்று மட்டும் சொல்லலாம். காரணம் சொல்லக் கூடாது. ஒருவர் காரணம் சொன்னால் அவருக்குப் பரிந்து இன்னொருவர் பேசுவார், மூன்றாமவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், பொழுது அதிலேயே போய்விடும். பொறுப்பேற்றதும் அவள் போட்ட முதல் விதி அது. சிதறிக் கிடந்த நாடகக் குழு அதனால்தான் ஒழுங்குக்கு வந்தது.

ஆளைச் சொல்லாமல் வேஷத்தைத்தான் கூப்பிட வேண்டும். அப்போதுதான் குறை மனிதர்மேல் ஒட்டாது.

"தபால்காரர், கடிதத்தைத் தலைகீழாப் பிடிச்சிருந்தீங்க."

"இவர் படிக்காத தபால்காரர்னு நெனச்சேன்," என்றார் அந்த வேஷம் போடும் ஒல்லி மனிதர்; குழுவில் அவருக்குக் குண்டூசி என்று பட்டப்பெயர்.

"காரணம் சொல்றீங்க."

"சரி தாயே, சரி."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

அடுத்த வரி, அம்மா வேஷம். நடிப்பது நிர்வாகியின் சொந்த அக்கா. நாலு நாளாக மூன்றாம் காட்சியில் அக்காவுக்கு வசனம் நின்றுபோகிறது. ஓரத்திலிருந்து, எல்லோரும் கிளி என்று கூப்பிடும் பெண் வசனம் எடுத்துக்கொடுத்தாலும் திக்குகிறாள். கிளிக்கு நாடகம் முழுக்கத் தலைகீழ்ப் பாடம். மேடையேற மூன்றே நாள்.

அக்காவிடம் தனியாகச் சொல்லத்தான் மத்தியானம் ஒப்பனை அறை வரை போனாள். அக்கா கண்ணாடி முன்னால் அதே வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நிர்வாகி சொல்லாமலே திரும்பி வந்து நோட்டில் எழுதிவிட்டாள்.

"அம்மா," என்று வாசித்தாள். தபால்காரருக்கு வாசித்த அதே குரல். "நாளையிலிருந்து இந்த வேஷத்தைக் கிளி செய்வா."

அக்கா ஏதோ கேட்க வாயெடுத்தாள். பிறகு, "சரி" என்றாள்.

அக்கா சண்டை போட்டிருந்தால் நிர்வாகியிடம் பதில் தயாராக இருந்தது. வலிக்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை; வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி மரத்துப்போயிருந்தது உள்ளே. மிச்சக் குறிப்புகளை ஒன்று விடாமல் வாசித்து முடித்தாள்.

வட்டம் கலைந்ததும் அக்கா அம்மா வேஷத்துச் சால்வையைக் கழற்றிக் கிளியின் தோளில் போட்டாள்.

"மூணாவது காட்சியில ரெண்டடி தள்ளி நில்லுடி. புதுசா மாட்டின விளக்கு கண்ணுலயே அடிக்குது. எதிர்ல நிக்கிறவன் முகமே தெரியல. அந்த முகத்தைப் பாத்துத்தான் எனக்கு வசனம் வரும்."

"இதை ஏன்க்கா நாலு நாளா சொல்லல?" என்றாள் கிளி.

"காரணம் சொல்லக் கூடாதே."

நிர்வாகியின் காதில் விழுந்தது. பேனாவைத் திறந்து, நாளைய பக்கத்தில், "மூன்றாம் காட்சி: புது விளக்கைத் திருப்பவும்" என்று எழுதினாள். எழுத்து நேராகத்தான் வந்தது.