மூன்று ரிப்போர்ட்டும் வரட்டும்

என் கணவர் வெள்ளைச்சாமி மூன்று கடை ஏறி இறங்காமல் ஒரு சீப்புகூட வாங்க மாட்டார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்கு இன்னொரு கடைக்காரன் பேச்சை நம்பத் தெரியாது. பெண் பார்க்கப் போனதில் நான் மூன்றாவது. இதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவார்.

எங்கள் பையன் அஸ்வினுக்கு ஆறு வயது. இரண்டு வாரமாக இருமல். ஆரம்பித்தால் முகம் சிவந்து, மூச்சு இழுத்து, கடைசியில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வரும். இவர் எதிரிலிருந்த மெடிக்கலில் கேட்டு ஒரு ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிவந்தார். அதையும் வாந்தி எடுத்தான் என்று பாதியில் நிறுத்திவிட்டோம்.

பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனார் மீனாட்சி, பச்சைக்குழந்தையோடு அதே வீட்டில்தான் இருந்தாள். அந்தப் பயத்தில் அடையாறு டாக்டர் சுந்தரவல்லியிடம் ஓடினோம்.

“கக்குவான் இருமல் மாதிரி இருக்கு. மூக்குல குச்சி விட்டு பிசிஆர் டெஸ்ட் எடுங்க. ரிசல்ட் வந்த உடனே சொல்லுங்க, வீட்டுல எல்லாருக்கும் மருந்து குடுக்கணும். பாப்பாவுக்கு இன்னும் தடுப்பூசிகூடப் போடல. அவளுக்கு வந்தா இருமல்கூட வராது, மூச்சே நின்னுடும்.”

இவர் தலையாட்டினார். பிறகு மூன்று லேபுக்குப் போனார். ஒன்றில் டாக்டர் சொன்ன டெஸ்ட். அடுத்ததில் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பது. மூன்றாவதில் ரத்தம். பையன் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி அழுதான்.

பிசிஆர் மறுநாளே இவர் போனுக்கு வந்துவிட்டது. பாசிட்டிவ். மூன்றும் வரட்டும் என்று போனைப் பையில் வைத்துக்கொண்டார். கல்ச்சருக்கு ஒரு வாரம் ஆகுமாம். நான் கேட்டாலும் மீனாட்சி கேட்டாலும் “இன்னும் வரல” என்றார். அஸ்வினைத் தனி அறையில்தான் வைத்திருந்தேன். பாத்ரூம் போக அவன் ஹாலைத் தாண்டியாக வேண்டும், ஹாலில் தொட்டில்.

கடைசியில் மூன்றையும் என் முன்னால் பரப்பினார். கல்ச்சரில் கிருமி இல்லை. ரத்தத்திலும் இல்லை.

“ரெண்டு பேரு இல்லங்கான், ஒருத்தன் இருக்குங்கான். அப்போ இல்லன்னுதான அர்த்தம்?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியை விட்டெறிந்தேன். அவர் மேல் படவில்லை. டாக்டருக்குப் போன் போட்டேன்.

டாக்டர் கத்தவில்லை. “சிரப் உள்ள போயிருக்கு, கிருமி செத்திருக்கும். செத்தது கல்ச்சர்ல வளராது. ரத்தத்துல தெரிய இன்னும் நாளாகும். பிசிஆருக்குச் செத்த கிருமியே போதும். இதுல ஓட்டு எண்ண முடியாதும்மா. பாப்பா எப்படி இருக்கா?”

திரும்பிப் பார்த்தேன். மீனாட்சி மடியில் பாப்பா பால் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். உதடு நீலமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் செயற்கை சுவாசம் வைத்தார்கள். பிழைப்பாளா என்றால் “பார்க்கலாம்” என்கிறார்கள். எங்கள் எல்லோருக்கும் டெஸ்ட் எதுவும் இல்லாமலே மாத்திரை கொடுத்தார்கள். இவர் மறுபேச்சில்லாமல் விழுங்கினார்.

ஐசியு வாசலில் மீனாட்சி கேட்டாள்: “அண்ணே, அந்த மொத ரிப்போர்ட் என்னிக்கு வந்துச்சு?”

“போன திங்கக்கிழமை.”

அவள் விரல் விட்டு நாள் எண்ணினாள்.

“திங்கக்கிழமை பாப்பா நல்லாத்தானே இருந்தா.”