கண் தாவிய வரி

சனிக்கிழமை ஜெயரட்ணம் டொரன்டோவில் இருக்கும் தமக்கையிடம் போய்விடுவார். அங்கேயே தங்கிவிடவும் போகிறார். அதற்கு முன் ஒரேயொரு கேள்வியை அவரிடம் கேட்டுவிட வேண்டும் என்று யோகராணிக்கு மனம் அடித்துக்கொண்டது. 1965இல் யாழ்ப்பாணத்தில் அத்தனை அன்பாய்ப் பழகியவர், ஒரே நாளில் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்?

இருபத்திரண்டு வருடம் கழித்து நியூசிலாந்தில், ஒக்லாந்தில் மறுபடி சந்தித்தபோதும் கேட்க வாய் வரவில்லை. இருவரும் மணமுடிக்காமலே இருந்தது அந்தக் கேள்வியை இன்னும் கனமாக்கியது.

ஒக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பே பகுதியில், அவளுடைய சமையலறை மேசையில், அவரது பழைய கட்டுரை விரிந்து கிடந்தது. ஆதிக் கிறிஸ்தவர்கள் வேதத்தைக் கிரேக்க மொழியில் எப்படிப் படியெடுத்தார்கள் என்பது பற்றியது. அவர் கையால் எழுதியதை அன்று தட்டச்சு செய்தவள் அவள்தான். இப்போது அது புத்தகமாகப் போகிறது. அவள் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிக்க, அவர் தட்டச்சுத் தாளில் விரல் வைத்து ஒப்பிட்டு வந்தார். அந்த நாளில் கல்லூரி நூலகத்தில், கிறீச்சிடும் மின்விசிறியின் கீழும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். பின்னேரங்கள் போனதே தெரியாது.

"'சொற்களுக்கு இடைவெளி விடாத எழுத்து. இரண்டு வரிகள் ஒரேமாதிரி முடிந்தால், எழுதுகிறவனுடைய கண் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிவிடும். நடுவில் உள்ளது விடுபட்டுப்போகும்.'"

"சரி. மேல வாசியும்," என்றார் ஜெயரட்ணம்.

"'வாசிக்கிறவரே, எனக்காக மன்றாடும் என்று ஒருவன் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தான். யோகராணியைக் கட்ட விருப்பம் என்று இன்னொருவன் இந்தப் பக்கத்தில் எழுதி வைத்தான்.'"

அவள் அந்த வரியில் விரலை வைத்து மறுபடி பார்த்தாள். அவருக்குக் காதுமடல் சிவந்தது.

"அதை விடும். அது ரைப் பண்ணினதில இல்லை. நீர்தானே எடுத்துவிட்டனீர்."

"நான் எடுக்கேல்லை! இப்பிடி ஒரு வரியை நான் காணவே இல்லை!"

"எல்லாத்தையும் அடிச்சு, அந்த ஒரு வரியை மட்டும் விட்டிட்டுத் தந்தீர். விருப்பமில்லை எண்டதை நாகரிகமாச் சொல்லுறீராக்கும் எண்டு நினைச்சன். பிறகு என்னெண்டு உம்மட முகத்தில முழிக்கிறது?"

யோகராணி தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். இரண்டு வரியும் 'எழுதி வைத்தான்' என்றே, ஒன்றன்கீழ் ஒன்றாக முடிந்திருந்தன.

"இதைத்தானே இருபது வருசமாப் படிப்பிக்கிறீங்கள்? ஆயிரம் வருசத்துக்கு முந்தி எவனோ விட்ட பிழையெல்லாம் கண்டுபிடிப்பீங்கள். என்ர பிழை மட்டும் தெரியேல்லையோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அவங்கள் ஒருத்தரிலயும் எனக்கு ஆசை இருக்கேல்லையே, யோகம்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு. "ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"நீரும் கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம்தான். தேநீர்க் கெற்றிலைக் கழுவும் சாட்டில் அவள் எழுந்துபோய், முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தாள்.

"இப்ப வாசிச்சிட்டீர்," என்றார் அவர், தாளைப் பார்த்தபடியே. "என்ன சொல்லுறீர்?"

"முதல்ல அக்காவுக்குக் கோல் எடுங்கோ. சனிக்கிழமை வரேல்லை எண்டு சொல்லுங்கோ."

"ஏன் எண்டு கேப்பாவே?"

"யோகராணி வாசிக்கக் கொஞ்சம் பிந்திட்டாள் எண்டு சொல்லுங்கோ."